தோற்றுப் பழகிய குழுவை வழிநடத்திய கில் ஹாட்ஜஸ்

பேஸ்பால் ஆட்டம் நடக்கும்போது குழுவின் நிர்வாகி பெரும்பாலும் ஓரத்து இருக்கையை விட்டு எழுவதில்லை. பந்து வீச்சாளரை மாற்ற வேண்டும் என்றாலோ, நடுவரிடம் முறையிட வேண்டும் என்றாலோ, யாருக்காவது அடிபட்டாலோதான் அவர் திடலுக்குள் காலெடுத்து வைப்பார்.

1969ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் நியூயார்க் மெட்ஸ் குழுவும் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் குழுவும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடின. முதல் ஆட்டத்தில் மெட்ஸ் 16க்கு 3 என்ற கணக்கில் படுதோல்வி அடைந்தது. இரண்டாவது ஆட்டம் அதைவிட மேலாகத் தெரியவில்லை. மூன்றாவது இன்னிங்சில் மட்டும் ஹியூஸ்டன் 10 ஓட்டங்களைக் குவித்தது. அந்த இன்னிங்சின்போது இடது ஓரத்தை நோக்கி ஒரு பந்து பறந்தது. அங்கு நின்ற கிளியோன் ஜோன்ஸ் அதை அவசரமில்லாமல் எடுத்து, அவசரமில்லாமல் திருப்பி எறிந்தார். அடித்தவர் இரண்டாவது தளத்தில் போய் நின்றுவிட்டார்.

மெட்ஸ் நிர்வாகி கில் ஹாட்ஜஸ் எழுந்தார். கைகளைப் பின்பக்கப் பைகளில் விட்டபடி மெதுவாக நடந்தார். பந்து வீச்சாளரை மாற்றத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் பந்து வீச்சாளரைக் கடந்து போனார். அடுத்து நின்ற பட் ஹாரல்சன், தன்னைத் தேடித்தான் வருகிறாரோ என்று திகைத்தார். அவரையும் கடந்தார். இடது ஓரம்வரை நடந்துபோய் ஜோன்சிடம் சில வார்த்தைகள் பேசினார். பிறகு திரும்பி நடந்தார். சில அடிகள் பின்னால், தலையைக் குனிந்தபடி ஜோன்சும் திடலை விட்டு வெளியேறினார்.

ஜோன்ஸ் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். அந்த மாதம்தான் நட்சத்திர ஆட்டத்திற்குத் தேர்வாகி விளையாடியிருந்தார். குழுவின் மிகச் சிறந்த பந்தடிப்பாளரும் அவரே. ஹாட்ஜஸ் குரலை உயர்த்தவில்லை, கையை ஆட்டவில்லை. ஜோன்சுக்குக் காலில் வலி, திடலும் ஈரமாக இருந்தது என்பதே வெளியே சொல்லப்பட்ட காரணம். ஆனால் உட்கார்ந்திருந்த மற்ற ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கோபத்தில் எழுந்த ஹாட்ஜஸ், பந்து வீச்சாளரைக் கடந்த பிறகுதான் தாம் எங்கே போகிறோம் என்பதையே உணர்ந்ததாக வீட்டில் மனைவியிடம் சொன்னார் என்று ஒரு செய்தி உண்டு. உண்மையாக இருந்தால், அவர் நிதானம் தவறிய மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று.

நம் வட்டாரத்தில் பேஸ்பால் அவ்வளவாகப் பழக்கமில்லாத விளையாட்டு. ஜப்பானிலும் தைவானிலும் தென்கொரியாவிலும் அதற்கு இருக்கும் வெறித்தனமான ரசிகர் கூட்டம் இங்கு இல்லை. ஹாட்ஜஸ் என்ற பெயரும் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில், குறிப்பாக நியூயார்க்கில், 1969ஆம் ஆண்டு என்றதும் நிலவில் மனிதன் இறங்கியதையும் மெட்ஸ் வென்றதையும் ஒரே மூச்சில் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

கில்பர்ட் ரே ஹாட்ஜஸ் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி இண்டியானா மாநிலத்தின் பிரின்ஸ்டன் எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்க விபத்துகளில் ஒரு கண்ணையும் கால்விரல்கள் சிலவற்றையும் இழந்தவர். தம் இரு மகன்களும் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். விளையாட்டு அதற்கு ஒரு வழியாகத் தெரிந்தது.

ஹாட்ஜஸ் 19 வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் சேர்ந்தார். 1943ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, பருவத்தின் கடைசி நாளில், ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அதன்பின் போருக்குப் போய்விட்டார். அமெரிக்காவின் மரீன் படையில் விமான எதிர்ப்புப் பிரிவில் பணியாற்றி, டினியானிலும் ஒக்கினாவாவிலும் இருந்தார். வீரத்துக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை.

1947இல் மீண்டும் டாட்ஜர்சுக்கு வந்தார். கறுப்பினத்தவர்களுக்கு மூடிக் கிடந்த கதவை உடைத்துக்கொண்டு ஜேக்கி ராபின்சன் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்த ஆண்டும் அதுதான். மறு ஆண்டு அப்போதைய நிர்வாகி லியோ டுரோச்சர், பந்து பிடிப்பாளராக இருந்த ஹாட்ஜசை முதல் தளத்தில் நிறுத்தினார். ராபின்சன் இரண்டாவது தளத்துக்கு மாறினார். இருவரும் பல ஆண்டுகள் அருகருகே நின்று ஆடினார்கள். ஹாட்ஜசின் கைகள் மிகப் பெரியவை. முதல் தளத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அன்றைய லீக்கில் இல்லை என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது தொடங்கப்பட்ட 1957இல் முதல் தளத்துக்கான விருது அவருக்கே போனது.

பந்தடிப்பிலும் குறை சொல்ல முடியாது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்களை அடித்தார். வாழ்நாளில் 370 ஹோம் ரன்கள். எட்டு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு பெற்றார்.

21 முறை வெறுங்கை

ஆனால் அவர் பின்னாளில் எப்படிப்பட்ட நிர்வாகியாக உருவானார் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த 370 ஹோம் ரன்கள் அதிகம் உதவா. 1952ஆம் ஆண்டின் உலகத் தொடர்தான் உதவும்.

பேஸ்பாலில் பத்து முறை அடிக்க வந்து மூன்று முறை தளத்தை எட்டும்படி அடித்தாலே அவர் சிறந்த ஆட்டக்காரர். அதாவது பத்தில் ஏழு முறை தோற்பது இயல்பு. இருந்தாலும், நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு எதிரான அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் ஹாட்ஜஸ் 21 முறை முயன்று ஒரு முறைகூட வெற்றிகரமாக அடிக்கவில்லை. டாட்ஜர்ஸ் தொடரை இழந்தது.

வேறு எந்த ஆட்டக்காரராக இருந்தாலும் புரூக்ளின் ரசிகர்கள் கேலிக் கூச்சலிட்டு விரட்டியிருப்பார்கள். அவர்கள் அதற்குப் பேர்போனவர்கள். ஹாட்ஜசுக்கோ கடிதங்களும் ஜெபமாலைகளும் வந்து குவிந்தன. மறு ஆண்டு மே மாதத்திலும் அவருடைய தடுமாற்றம் நீங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புழுக்கம் தாங்க முடியாத காலையில், புரூக்ளின் தேவாலயத்தில் பாதிரியார் ஹெர்பர்ட் ரெட்மண்ட், இன்று பிரசங்கம் செய்ய முடியாத அளவுக்கு வெக்கையாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜசுக்காக ஒரு ஜெபம் செய்யுங்கள் என்ற பொருள்பட மக்களிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பருவம் முடியும்போது ஹாட்ஜஸ் 31 ஹோம் ரன்கள் அடித்திருந்தார்.

1955இல் யாங்கீசுக்கு எதிரான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 2க்கு 0 என்று வென்றது. இரண்டு ஓட்டங்களும் ஹாட்ஜஸ் அடித்ததால் வந்தவை. ஆட்டத்தை முடித்துவைத்த கடைசிப் பந்தும் அவர் கையில்தான் வந்து விழுந்தது. புரூக்ளினில் அந்தக் குழு வென்ற ஒரே உலகத் தொடர் அது. 1957க்குப் பிறகு குழுவே லாஸ் ஏஞ்சலிசுக்கு இடம் மாறிவிட்டது. ஹாட்ஜசும் கூடவே போனார். ஆனால் மனைவி ஜோன் புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். குடும்பத்தின் வேர் அங்கேயே இருந்தது.

தோல்வியின் நடுவில் பாடம்

1962இல் நியூயார்க் மெட்ஸ் என்ற புதிய குழு உருவானபோது ஹாட்ஜஸ் அதன் ஆட்டக்காரராக ஊர் திரும்பினார். மெட்ஸ் வரலாற்றின் முதல் ஹோம் ரன்னை அடித்தவர் அவர்தான். ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குழுவோ அந்த ஆண்டு 40 ஆட்டங்களில் மட்டும் வென்று 120 ஆட்டங்களில் தோற்றது.

1963ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டன் செனட்டர்ஸ் குழு அவரை நிர்வாகியாக ஆக்கிக்கொண்டது. அதுவும் அடிமட்டத்தில் கிடந்த குழு. அங்கு ஹாட்ஜஸ் எந்த அதிசயமும் செய்யவில்லை. 1964இல் 62 வெற்றி, 1965இல் 70, 1966இல் 71, 1967இல் 76. செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வரக்கூடிய எண்கள் அல்ல இவை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் மேலே. பணமும் திறமையும் குறைந்த ஒரு குழுவை நான்கு ஆண்டுகள் ஒருமுறைகூடச் சறுக்காமல் ஏற்றிச் செல்வது எளிதன்று. 1969இல் நடந்ததைவிட இதுவே அவருடைய திறனுக்கு நல்ல சான்று என்றுகூடச் சொல்லலாம்.

வாஷிங்டன் காலத்துக் கதை ஒன்று பேஸ்பால் வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும். இரவு நேரக் கட்டுப்பாட்டை நான்கு ஆட்டக்காரர்கள் மீறியிருந்தார்கள். ஹாட்ஜஸ் குழுவைக் கூட்டி, அவர்கள் யாரென்று தமக்குத் தெரியும் என்றார். பெயர்களைச் சொல்லப் போவதில்லை, ஆளுக்கு 100 டாலர் அபராதம், தமது மேசையில் உள்ள சுருட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அன்று மாலை பெட்டியைத் திறந்து பார்த்தபோது 700 டாலர் இருந்ததாம்.

இன்னொரு சம்பவம் சிரிப்பதற்கு உரியதன்று. குடிப்பழக்கத்தால் உடைந்துபோன பந்து வீச்சாளர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் ஒரு பாலத்தின்மேல் ஏறிவிட்டார். செய்தி கேட்டு அங்குப் போன ஹாட்ஜஸ் அவரிடம் பேசிப் பேசியே கீழே இறக்கினார். அந்த ஆட்டக்காரர் பின்னாளில் குடியை விட்டு, குடிநோயாளிகளுக்கு ஆலோசகராகப் பணியாற்றினார்.

மெட்சின் நிர்வாகி

1967ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ஸ் ஒரு பந்து வீச்சாளரையும் 100,000 டாலரையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து ஹாட்ஜசைப் பெற்றது. நிர்வாகி ஒருவருக்காக இப்படிப் பேரம் நடப்பது அபூர்வம். அதுவரை மெட்ஸ் நியூயார்க்கின் செல்லக் கோமாளியாக இருந்தது. முதல் ஆறு பருவங்களில் ஐந்தில் நூறுக்கும் மேற்பட்ட தோல்விகள். பத்துக் குழுக்கள் கொண்ட லீக்கில் ஒன்பதாவது இடமே அதன் உச்சம். பந்தைத் தவறவிட்டாலும் ரசிகர்கள் கைதட்டினார்கள். தோல்வியே ஒரு வகை வேடிக்கையாகிவிட்டிருந்தது. ஹாட்ஜசுக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை. ஆடை அணிவது, பயிற்சிக்கு வரும் நேரம், அடித்த பந்து எளிதாகப் பிடிபடும் என்று தெரிந்தாலும் முதல் தளம்வரை முழு வேகத்தில் ஓடுவது என எல்லாவற்றிலும் ஒழுங்கை எதிர்பார்த்தார்.

முதல் ஆண்டில் மெட்ஸ் 73 ஆட்டங்களை வென்றது. அதன் வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. இடம் மட்டும் மாறவில்லை, ஒன்பதுதான்.

அந்த ஆண்டு புதிதாக வந்த டாமி ஏஜி கடுமையாகத் தடுமாறினார். பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் தமக்கு வீசப்பட்ட முதல் பந்திலேயே தலையில் அடிபட்டவர். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 34 முயற்சிகளில் ஒருமுறைகூட வெற்றிகரமாக அடிக்கவில்லை. பருவம் முழுவதும் ஐந்தே ஹோம் ரன்கள். அவரை விற்றுவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது இயல்புதான். ஹாட்ஜஸ் விடவில்லை. 21 முயற்சிகளில் வெறுங்கையோடு நின்ற ஒருவருக்கு 34 என்பது எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன? மறு ஆண்டு ஏஜி 26 ஹோம் ரன்கள் அடித்தார். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஓடிப் பிடித்த இரண்டு பந்துகள் இன்றும் பேசப்படுகின்றன.

1968ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி, பருவம் முடியச் சில நாள்களே இருந்தபோது, அட்லாண்டாவில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் ஹாட்ஜசுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. வயது 44. நெடுங்காலப் புகைப்பழக்கம் உள்ளவர். மனத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கி வைக்கும் சுபாவம். திடலில் கத்தித் தீர்க்கும் நிர்வாகிகளுக்கு இல்லாத ஒரு சுமை அமைதியானவர்களுக்கு உண்டு. அவர் மீண்டும் குழுவை நடத்துவாரா என்பதே கேள்விக்குறியானது. ஐந்து மாதங்களில் புளோரிடா பயிற்சி முகாமுக்கு வந்து நின்றார். இந்த ஆண்டு 85 ஆட்டங்களாவது வெல்லலாம் என்றார்.

162 ஆட்டங்கள்

பேஸ்பால் பருவம் என்பது ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை ஏறக்குறைய நாள்தோறும் நடக்கும் ஆட்டங்கள். மொத்தம் 162. காற்பந்துக் குழு ஓர் ஆண்டில் ஆடும் லீக் ஆட்டங்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஒரு நாள் வெற்றிக்காகக் கொண்டாடினால் மறுநாள் மாலையே மீண்டும் ஆட வேண்டும். ஒரு தோல்விக்காக அழுதாலும் அப்படியே. மிகச் சிறந்த குழுவும் பல முறை தோற்கும். எனவே நிர்வாகியின் வேலை, ஒரு நாளை வெல்வதைவிட, செப்டம்பரில் கால்களில் தெம்பு மிச்சமிருக்கும்படி ஆட்டக்காரர்களைக் கொண்டு போவது.

ஹாட்ஜஸ் இதை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். பந்து வீச்சுப் பயிற்றுநர் ரூப் வாக்கருடன் சேர்ந்து, நான்கு பந்து வீச்சாளர்கள் மாறி மாறி ஆட்டத்தைத் தொடங்கும் அன்றைய வழக்கத்தை விட்டு ஐவரைப் பயன்படுத்தினார். டாம் சீவர், ஜெர்ரி கூஸ்மன் போன்ற இளம் கைகளுக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு. அனுமதியில்லாமல் யாரும் பயிற்சிக்காகக்கூடப் பந்து வீசக்கூடாது.

பந்தடிப்பிலும் ஓர் ஏற்பாடு. வலது கைக்காரர் இடது கைப் பந்து வீச்சாளரை எளிதாகச் சமாளிப்பார். இடது கைக்காரர் வலது கையரை. ஆகவே நான்கு இடங்களுக்கு இரண்டிரண்டு பேரை வைத்தார். முதல் தளத்தில் எட் கிரேன்பூல், டான் கிளெண்டனன். இரண்டாவது தளத்தில் கென் பாஸ்வெல், ஆல் வெய்ஸ். மூன்றாவது தளத்தில் வெய்ன் கேரட், எட் சார்ல்ஸ். வலது ஓரத்தில் ஆர்ட் ஷாம்ஸ்கி, ரான் சுவோபோடா. எதிரணிப் பந்து வீச்சாளரின் கையைப் பொறுத்து ஆள் மாறும். அது வியட்னாம் போர்க்காலம். ஆட்டக்காரர்கள் பலர் ராணுவச் சேமப் படைக் கடமைக்காக இடையிடையே போய்வந்தார்கள். அந்த இடைவெளிகளை நிரப்பவும் இந்த ஏற்பாடு கைகொடுத்தது.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. நேற்று ஹோம் ரன் அடித்தவர் இன்று உட்கார வேண்டியிருந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் தாம் முழுநேர ஆட்டக்காரர் என்ற எண்ணம்தான் இருக்கும். கிரேன்பூலுக்கும் சுவோபோடாவுக்கும் நிர்வாகியோடு உரசல் இருந்தது. விளக்கம் சொல்லிச் சமாதானப்படுத்துவது ஹாட்ஜசின் பழக்கமன்று. அது அவருடைய குறை என்றும் சொல்லலாம். ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. இன்னார் செல்லப்பிள்ளை என்று யாரும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

பருவம் நன்றாகத் தொடங்கவில்லை. முதல் நாளில் புத்தம் புதிய மாண்ட்ரியால் குழுவிடம் 11க்கு 10 என்று தோற்றார்கள். மே மாத இறுதியில் தொடர்ந்து 11 வெற்றிகள் கிடைத்தபோதுதான் நகரம் திரும்பிப் பார்த்தது. எதிரே சிகாகோ கப்ஸ் குழு நெடுந்தூரம் முன்னால் இருந்தது. அதன் நிர்வாகி வேறு யாருமல்லர். 21 ஆண்டுகளுக்குமுன் ஹாட்ஜசை முதல் தளத்தில் நிறுத்திய அதே லியோ டுரோச்சர்.

ஜூலை 30இல் ஜோன்சை வெளியேற்றிய அந்த நடையே மெட்சின் தலையெழுத்தை மாற்றியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஹியூஸ்டனுக்கே போய் அதே குழுவிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஆகஸ்ட் 13ஆம் தேதி மெட்ஸ் சிகாகோவைவிட 10 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. பெரும்பாலானோர் கைகழுவிவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததுதான் அதிசயம். கடைசி 49 ஆட்டங்களில் 38 வெற்றிகள். டுரோச்சர் தம் முதன்மை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வே கொடுக்காமல் ஆட வைத்திருந்தார். சிகாகோவின் சொந்தத் திடலில் அப்போது விளக்குகள் கிடையாது. எல்லா ஆட்டங்களும் கோடை வெயிலில். செப்டம்பரில் அவர்கள் துவண்டார்கள். மெட்ஸ் ஆட்டக்காரர்களிடம் அப்போதும் தெம்பு இருந்தது. செப்டம்பர் 10இல் முதலிடம் கைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்துப் பிட்ஸ்பர்க்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களையும் 1க்கு 0 என்று வென்றார்கள். இரண்டிலும் அந்த ஒற்றை ஓட்டத்தை ஈட்டித் தந்தவர்கள், வழக்கமாக அடிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்படும் பந்து வீச்சாளர்கள். அதற்கு மூன்று நாள் கழித்து செயிண்ட் லூயிஸ் குழுவின் ஸ்டீவ் கார்ல்டன் 19 மெட்ஸ் ஆட்டக்காரர்களை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். ஆனால் சுவோபோடா அடித்த இரண்டு ஹோம் ரன்களால் 4க்கு 3 என்று மெட்ஸ் வென்றது.

பிரிவின் வெற்றியாளர் பட்டம் உறுதியான நாள் 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24. அட்லாண்டாவில் மாரடைப்பு வந்து சரியாக ஓராண்டு.

காலணி மெருகு

பருவம் முடிந்தபோது மெட்ஸ் 100 வெற்றிகள் பெற்றிருந்தது. சிகாகோவைவிட 8 ஆட்டங்கள் முன்னால். அடுத்த சுற்றில் அட்லாண்டாவை மூன்றுக்கு மூன்று என வீழ்த்தியது. உலகத் தொடரில் எதிரி, 109 ஆட்டங்கள் வென்றிருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ். முதல் ஆட்டத்தில் மெட்ஸ் தோற்றது. அடுத்த மூன்றையும் வென்றது.

அட்லாண்டாவுக்கு எதிராக ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் உட்கார்ந்திருந்தவர் கிளெண்டனன். காரணம், அங்கு வலது கைப் பந்து வீச்சாளர்கள். பால்டிமோரில் இடது கையர்கள் இருந்ததால் இப்போது அவருடைய முறை. மூன்று ஹோம் ரன்கள் அடித்துத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

அக்டோபர் 16ஆம் தேதி ஐந்தாவது ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ்வரை பால்டிமோர் 3க்கு 0 என்று முன்னிலை. ஜோன்சின் காலருகே வீசப்பட்ட பந்து தரையில் பட்டு எகிறி மெட்ஸ் இருக்கைகளுக்குள் ஓடியது. காலில் பட்டது என்றார் ஜோன்ஸ். பட்டிருந்தால் அவர் முதல் தளத்துக்குப் போகலாம். நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாட்ஜஸ் பந்தைக் கையில் ஏந்தியபடி மெதுவாக நடந்துவந்து, அதில் ஒட்டியிருந்த காலணி மெருகைக் காட்டினார். நடுவர் உடனே முடிவை மாற்றினார். அடுத்து வந்த கிளெண்டனன் ஹோம் ரன் அடித்தார். அடுத்த இன்னிங்சில், அதிகம் அடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த ஆல் வெய்சின் ஹோம் ரன் ஆட்டத்தைச் சமன் செய்தது. இறுதியில் 5க்கு 3 என்று வென்று மெட்ஸ் உலகத் தொடரைக் கைப்பற்றியது.

அந்த மெருகு உண்மையிலேயே ஜோன்சின் காலணியிலிருந்துதான் வந்ததா? பந்தைத் தம் காலணியில் தேய்க்கும்படி ஹாட்ஜசே சொன்னதாகப் பல ஆண்டுகள் கழித்துக் கூஸ்மன் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு சிலர் மறுத்தார்கள். வேறொரு நிர்வாகி பந்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நடுவர் அவ்வளவு எளிதாக நம்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஈஸ்டர் ஞாயிறு

அதன்பின் இரண்டு பருவங்களும் மெட்ஸ் 83 வெற்றி, 79 தோல்வி என்ற அளவிலேயே முடித்தது. 1971 டிசம்பரில் நோலன் ரையன் என்ற இளம் பந்து வீச்சாளரைக் கலிஃபோர்னியா குழுவுக்குக் கொடுத்துவிட்டது. அந்த முடிவில் ஹாட்ஜசின் இசைவும் இருந்ததாகச் சொல்லப்பட்டது. ரையன் பிறகு பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகமானோரை அடிக்கவிடாமல் வெளியேற்றிய பந்து வீச்சாளராக உயர்ந்தார். நிதானமும் பொறுமையும் உள்ளவர் கணிப்பும் தவறும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1972 ஏப்ரல் முதல் நாள், லீக் வரலாற்றில் முதன்முறையாக ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. புளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில் ஹாட்ஜஸ் தம் துணைப் பயிற்றுநர்களோடு கோல்ஃப் விளையாடிவிட்டு அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இரவு உணவுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று நண்பர் கேட்க, நேரத்தைச் சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. 48ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

புரூக்ளினில் நடந்த இறுதிச் சடங்கிற்கு ஜேக்கி ராபின்சனும் வந்திருந்தார். நீரிழிவால் கண்பார்வை மங்கியிருந்த ராபின்சன் அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். ஹாட்ஜசை அடக்கம் செய்த அன்றே மெட்ஸ் புதிய நிர்வாகியாக யோகி பெராவை அறிவித்தது. அந்த அவசரம் பலரை வருத்தியது.

நிர்வாகியாக அவர் பெற்ற வெற்றிகள் 660, தோல்விகள் 753. புகழ்மண்டபத்துக்கான பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் 15 முறை அவர் பெயர் இடம்பெற்றது. ஒருமுறைகூடத் தேவையான 75 விழுக்காட்டை எட்டவில்லை. மரீன் பார்க்வே பாலத்துக்கு 1978இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். மெட்ஸ் அவருடைய 14ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என முடிவெடுத்தது. புகழ்மண்டபம் மட்டும் திறக்கவில்லை.

இறுதியாக 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிறப்புக் குழு ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜூலை 24ஆம் தேதி கூப்பர்ஸ்டவுனில் நடந்த விழாவில் மகள் ஐரீன் தந்தையின் சார்பில் பேசினார். 95 வயதான ஜோனால் பயணம் செய்ய முடியவில்லை. புரூக்ளின் வீட்டிலிருந்தே பார்த்தார். இரண்டு மாதங்களுக்குள், செப்டம்பர் 17ஆம் தேதி, அவரும் காலமானார்.